பாரம் தாங்காதவற்றின் பாரம்

சேலத்துச் சேர்வராயன் மலையில், நாகலூர் போகும் சாலையோரத்தில் ஒரு தகரக் கூரை வீடு. கூரைமேல் எட்டுக் கருங்கற்கள், இரண்டு ஹாலோ பிளாக், ஒரு பழைய லாரி டயர். வாசலுக்கு நேர் மேலே, கூரை விளிம்பில், ஏழெட்டுக் கிலோ தேறும் ஒரு கல் எந்தப் பிடிப்பும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

"எதுக்குங்கக்கா இத்தனை கல்லு?" என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"போன ஆடியில நாலு தகரம் பறந்து காப்பிக்காட்டுல கெடந்துச்சுங்க. கல்லு வைக்கலைன்னா கூரையே நிக்காதுங்க" என்றார்.

காற்றடிக்கும் நாளில் அந்தக் கல் காவல். தரை குலுங்கும் நாளில், பதறி வெளியே ஓடி வருகிறவரின் தலைக்கு மேலே இருப்பதும் அதே கல்தான்.

அது எந்த வரைபடத்திலும் கிடையாது. தூண், உத்தரம், தளம், அடித்தளம் ஆகியவை பாரம் தாங்குகின்றன. பொறியாளரின் கணக்கெல்லாம் அவற்றுக்குத்தான். கைப்பிடிச் சுவர், ஓடு, புகைபோக்கி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, ஜன்னல் கண்ணாடி, குழாய், ஃபால்ஸ் சீலிங், பீரோ, பரணில் அடுக்கிய பித்தளை அண்டா என்று மிச்சமுள்ள எல்லாவற்றையும் 'கட்டமைப்பு சாரா உறுப்புகள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். நிலநடுக்கத்தை மனதில் வைத்து அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை சேர்வராயன் மலைக்கு உண்டா? உண்டென்றால், நம் விதிகள் அதை ஒழுங்காகப் பிரிக்கின்றனவா? இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

இங்கே வருமா?

'இது பாறை பூமி, பூகம்பமெல்லாம் இங்கே வராது' என்பது முதல் மறுப்பு. பாதி சரி. சார்னோகைட் என்னும் பழம்பாறையாலான மலை இது. கண்டத்தட்டுகள் மோதிக்கொள்ளும் இமயம் வெகு தொலைவில் இருக்கிறது. 2018 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம், தருமபுரி வட்டாரம் குலுங்கியது, அளவு 3.3. மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள், பேசினார்கள், வீட்டுக்குள் போனார்கள். அவ்வளவுதான்.

ஆனால் 3.3ஐ வைத்து 6ஐ மதிப்பிட முடியாது. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும், 3.3க்கும் 6க்கும் இடையே பத்தாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம் 6ஐ ஒட்டியது. தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக் கடலுக்கடியில் வந்தது 5.5. தீபகற்பத்தின் பழம்பாறை மீது வைத்த நம்பிக்கையை மகாராஷ்டிரத்தில் 1967இல் கொய்னா நிலநடுக்கமும் 1993இல் கிள்ளாரி நிலநடுக்கமும் உடைத்துப் போட்டன. கிள்ளாரி அன்றைய நிலநடுக்க மண்டல வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில்தான் இருந்தது. 2002இல் நிலநடுக்கம் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 1893 திருத்தப்பட்டபோது அந்த முதல் மண்டலமே நீக்கப்பட்டது. அந்தப் பதிப்பின் பட்டியலில் சேலம் மூன்றாம் மண்டலம்.

ஆக, ஒருவர் பிறந்து வாழ்ந்து முடிவதற்குள் இந்த மலையில் பெரிய அதிர்வைக் காணாமலே போகலாம். வந்தால், நடுத்தரமாக வரும் வாய்ப்பே அதிகம். இந்த 'நடுத்தரம்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. பேரதிர்வில் தூணே ஒடியும்போது பீரோவைப் பற்றிப் பேச்சில்லை. நடுத்தர அதிர்வில் தூண் நிற்கும். அதில் ஒட்டியிருப்பவையும் மேலே வைத்திருப்பவையும் விழும். 'இங்கே சிறிதாகத்தான் வரும்' என்ற வாதம் இந்த உறுப்புகளைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. அவற்றை முதலில் பார்க்கச் சொல்கிறது.

இருந்தாலும் மறுப்பாளர் பக்கம் ஒரு நியாயம் மிஞ்சுகிறது. மலைவாழ்க்கையில் ஆண்டுதோறும் வருவது காற்று, மழை, மண்சரிவு. எப்போதோ வரக்கூடிய ஒன்றுக்காகக் கூலித் தொழிலாளியிடம் பெருஞ்செலவு செய்யச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எனவே எந்தப் பரிந்துரையும் இரண்டு சோதனைகளில் தேற வேண்டும்: செலவு சிறிதா? அதிர்வே வராவிட்டாலும் பயன் உண்டா?

நின்றால் போதுமா?

'கட்டடம் நின்றது, எனவே தேறியது' என்பது பொறியியலின் பழைய தீர்ப்பு. அதை அசைத்த வழக்கு கலிஃபோர்னியாவின் ஆலிவ் வியூ மருத்துவமனை. 1971 நிலநடுக்கத்தில் புத்தம்புதுக் கட்டடம் சிதைந்தது. பாடம் கற்று, எஃகுத் தகட்டுச் சுவர்களோடு மிக வலுவாக மறுபடி கட்டினார்கள். 1994 ஜனவரி 17, நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். அந்த இடத்தில் தரையின் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் 91 சதவீதம். கூரையில் அதுவே 231 சதவீதமாகப் பெருகியது. கட்டடம் கம்பீரமாக நின்றது. உள்ளே தீயணைப்புத் தெளிப்பான் குழாய்கள் முறிந்து தண்ணீர் கொட்டியது. நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மருத்துவமனை தேவைப்பட்ட அன்றைக்கு அது மருத்துவமனையாக இல்லை.

பண அளவிலும் இது சிறிய சமாசாரம் இல்லை. ஆய்வாளர்கள் தகாவி, மிராண்டா இருவரும் 2003இல் கணக்கிட்டபடி, அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் மொத்த முதலீட்டில் பாரம் தாங்கும் எலும்புக்கூட்டுக்குப் போவது சுமார் 8 சதவீதம். மீதி 92ம் நாம் மூட்டை கட்டி ஓரங்கட்டியவை. நம் ஊரில் விகிதம் மாறும். ஆனால் ஸ்கேன் கருவியும் ஜெனரேட்டரும் ஆக்சிஜன் குழாயும் உள்ள எந்த மருத்துவமனையிலும் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை.

உயிர் அளவில் இன்னும் கூர்மையான சான்று ஜப்பானின் ஒசாகாவில் கிடைக்கிறது. 2018 ஜூன் 18 காலை, நடுத்தர நிலநடுக்கம். தகாட்சுகி நகரில் ஒரு பள்ளியின் நீச்சல்குளத்தைச் சுற்றியிருந்த பிளாக் சுவர் சாலையில் சாய்ந்தது. பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி இறந்தாள். 1.9 மீட்டர் அடிச்சுவரின் மேல் 1.6 மீட்டர் பிளாக்கை ஏற்றியிருந்தார்கள். சட்டம் அனுமதித்த உச்ச உயரம் 2.2 மீட்டர். சாய்ந்தது சுவர்தான், பள்ளிக் கட்டடம் இல்லை. சமீபத்திய நிலநடுக்கங்களில் காயமடைந்தவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேர் வீட்டுச் சாமான் விழுந்தோ நகர்ந்தோ காயப்பட்டவர்கள் என்று தோக்கியோ தீயணைப்புத் துறை மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எதிர்த்தட்டில் வைக்க வேண்டியதும் இருக்கிறது. 2001 ஜனவரி 26, புஜ் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 13,800 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது இடிந்த கட்டடம். கவிழ்ந்த பீரோ இல்லை. கிள்ளாரியிலும் தடித்த கல்சுவரும் மண்கூரையும்தான் கொன்றன. ஜப்பானில் சாமான்கள் காயப்படுத்துவதை முதலில் எண்ணுகிறார்கள் என்றால், அங்கே வீடுகள் பெரும்பாலும் நிற்கின்றன என்று பொருள். அந்தப் புள்ளிவிவரத்தை அப்படியே இந்த மலைக்கு ஏற்றக் கூடாது. வீடே சந்தேகத்துக்குரியது என்றால், பீரோவுக்கு ஆணி அடிப்பது வெறும் சடங்கு.

அளவு நாடா சொல்வது

பொதுவாகப் பேசுவதை விட்டு அளந்து பார்ப்போம். எதனோடும் பிணைக்காமல் தனியே நிற்கும் ஒரு பொருள் பக்கவாட்டு உலுக்கலில் எப்போது சாயத் தொடங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: அகலத்தை உயரத்தால் வகுக்க வேண்டும். பொருளின் எடையில் அத்தனை பங்கு விசை பக்கவாட்டில் தள்ளினால் அடி தூக்கும். மூன்றாம் மண்டலத்துக்கு 2002 பதிப்பு வைத்த உச்சபட்சத் தரை உலுக்கல், புவியீர்ப்பில் 16 சதவீதம். மாடி ஏற ஏற அது பெருகும்.

மலையில் பார்க்கும் பொருட்களை வைத்துப் போட்டால்: ஆறங்குல பிளாக்கில் ஐந்தடிக் காம்பவுண்டு சுவர், 10 சதவீதம். நாலரை அங்குலச் செங்கல்லில் மூன்றடிக் கைப்பிடிச் சுவர், 13 சதவீதம். ஒன்றரை அடி ஆழமும் ஆறேகால் அடி உயரமும் உள்ள இரும்பு பீரோ, 24 சதவீதம். ஒன்பது அங்குலக் கைப்பிடிச் சுவர், 26 சதவீதம் (சரியாகச் சொன்னால் 230 மில்லிமீட்டரை 900ஆல் வகுத்தது). தோட்டப் பங்களாவின் கூரைக்கு மேல் ஆறடி நீளும் இரண்டடி அகலப் புகைபோக்கி, 33 சதவீதம். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அது எளிதில் கவிழாது. சிமெண்ட் பூசாமல் அதற்கடியில் அடுக்கிய பிளாக்குகள் நழுவும், ஒரு டன் தண்ணீர் கீழே வரும்.

பட்டியல் நம் உள்ளுணர்வைத் தலைகீழாக்குகிறது. பயமுறுத்தும் உயரத்தில் நிற்பது பிரிட்டிஷ் காலத்துப் புகைபோக்கி. கணக்கில் முதலில் சாய்வது, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத காம்பவுண்டு சுவர். அதுவும் நாடாவின் கணக்கில் தரையின் 16 சதவீதத்துக்கே தோற்கிறது. மலைச்சரிவில் அது பெரும்பாலும் கல்கட்டுத் தாங்குசுவரின் தலைமேல் நிற்கிறது. கீழே நடைபாதை, அல்லது அடுத்த வீட்டின் ஓட்டுக்கூரை. தகாட்சுகியின் அமைப்பும் இதுதான்: அடிச்சுவர் மேல் ஏற்றிய பிளாக்.

இந்தக் கணக்கையும் சும்மா விடக் கூடாது. நல்ல கலவையின் பிடிப்பை அது பொருட்படுத்தவில்லை. அடி தூக்குவது வேறு, கவிழ்வது வேறு. பெரிய பொருள் சிறிய பொருளைவிட அதிக நேரம் முன்னும் பின்னும் ஆடிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடும் என்பதைப் பொறியாளர் ஜார்ஜ் ஹவுஸ்னர் 1963இலேயே காட்டினார். புகைபோக்கி விஷயத்தில் பிழை எதிர்ப்பக்கம்: கூரையும் புகைபோக்கியும் சந்திக்கும் இடத்தில் நூறாண்டு மழை இறங்கிச் சுண்ணாம்புக் கலவையை அரித்திருந்தால் 33 என்ற எண் வெறும் அலங்காரம். ஆகவே நாடா குற்றவாளியைத் தீர்மானிப்பதில்லை. யாரை முதலில் விசாரிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தித் தருகிறது. அந்த வேலைக்கு அது போதும்.

விதியின் நிறையும் குறையும்

ஐ.எஸ். 1893இன் 2002 பதிப்பு இந்த விஷயத்தைச் சில பத்திகளில் முடிக்கிறது. கூரைக்கு மேல் நீளும் தொட்டி, கைப்பிடிச் சுவர், புகைபோக்கி போன்றவற்றைக் கட்டடத்தின் வடிவமைப்புக் குணகத்தைப் போல் ஐந்து மடங்குக்குச் சரிபார்க்க வேண்டும். பால்கனி, கார்னிஸ் போன்ற கிடைநீட்சிகளுக்குச் செங்குத்துக் குணகத்தின் ஐந்து மடங்கு. இந்தக் கூடுதல் விசை அந்த நீட்சிக்கும் அதன் பிணைப்புக்கும் மட்டுமே.

இதில் நல்லறிவு இருக்கிறது. உச்சியில் ஆட்டம் பெருகும் என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிட்டது. முழுக் கட்டடத்தையும் பெருக்கச் சொல்லாமல் பிணைப்பை மட்டும் கெட்டிப்படுத்தச் சொன்னது. சாதாரண கான்கிரீட் சட்டகத்துக்கு மூன்றாம் மண்டலத்தில் குணகம் 6.7 சதவீதம், ஐந்து மடங்கு 33. அளவு நாடாவின் பட்டியலில் புகைபோக்கி விளிம்பில் நிற்க, காம்பவுண்டு, கைப்பிடி, பீரோ எல்லாமே அதற்குக் கீழே விழுந்துவிடுகின்றன. அதாவது சாதாரணச் சட்டகத்தின் மேல், நாம் அளந்த கைப்பிடிச் சுவர் இரண்டுமே பிணைக்காவிட்டால் இந்த விதியில் தேறா.

ஆனால் அந்த எண்ணின் பிறப்பைத் தோண்டினால் ஒரு விபரீதம் வெளிப்படுகிறது. கட்டடம் வளைந்து கொடுக்கும் திறனுக்கு ஏற்ப வடிவமைப்பு விசையைக் குறைப்பது வழக்கம். நன்கு வளையும் சட்டகத்துக்கு 5ஆலும், சாதாரணச் சட்டகத்துக்கு 3ஆலும், கம்பியில்லாத செங்கல் கட்டுமானத்துக்கு 1.5ஆலும் வகுப்பார்கள். ஐந்து மடங்கு என்பது இப்படி வகுத்து வந்த எண்ணின் மேல். எனவே ஒரே கைப்பிடிச் சுவர் முதலாவதன் மேல் நின்றால் 20 சதவீதம், இரண்டாவதன் மேல் 33, மூன்றாவதன் மேல் 67. கீழே தூண்கள் நெளிந்து கொடுக்கும் என்பதால் மேலே உள்ள செங்கல் நெளியப் போவதில்லை. கட்டடம் பெற்ற சலுகையைக் கைப்பிடிச் சுவருக்கும் கொடுத்தது தர்க்கப் பிழை.

இன்னொரு குறை, மௌனம். அந்தப் பதிப்பு நீட்சிகளைத் தாண்டி அதிகம் பேசுவதில்லை. பீரோ, சிலிண்டர், ஜெனரேட்டர், குழாய், ஃபால்ஸ் சீலிங் ஆகியவை விதியின் கண்ணில் படவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப வந்தது சி.வி.ஆர். மூர்த்தி, ரூபன் கோஸ்வாமி உள்ளிட்ட ஐவர் எழுதி, குஜராத் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2012இல் வெளியிட்ட நூல். உள்ளிருக்கும் பொருட்கள், கட்டடத்தில் ஒட்டியவை, சேவை இணைப்புகள் என்று மூட்டையை மூன்றாகப் பிரிக்கிறது. அதைவிட முக்கியமான பிரிப்பு: விசையால் கெடுபவை, பெயர்ச்சியால் கெடுபவை. தொட்டியும் பீரோவும் முதல் வகை. இழுத்துக் கட்டினால் தீர்ந்தது. கண்ணாடியும் குழாயும் இரண்டாம் வகை. இவற்றை இறுக்கிக் கட்டினால் உடையும். மாடிக்கு மாடி அனுமதிக்கப்பட்ட நகர்வு உயரத்தில் 0.4 சதவீதம், மூன்று மீட்டருக்கு 12 மில்லிமீட்டர். சட்டத்துக்குள் இடைவெளி விடாமல் பொருத்திய கண்ணாடிக்கு அந்த 12 மில்லிமீட்டர் போக இடமில்லை.

நூலின் பார்வை விதியின் பார்வையைவிடத் தெளிவு. ஆனால் அதன் சூத்திரங்களைப் போட ஒரு பொறியாளர் வேண்டும். சேலத்தில் ஒரு மருத்துவமனைக்கு அவரை வரவழைக்கலாம். நாகலூரில் வீடு கட்டுபவர் கொத்தனார். தகரம் போடுபவர் வெல்டர். தொட்டியை ஏற்றி வைப்பவர் பிளம்பர். இந்த மூவருக்கும் புரியும் மொழியில் எழுதப்படாத வரை எந்த விதியும் மலையேறாது.

பெயரிலேயே பிழை

இதற்கெல்லாம் அடியில் ஒரு சிக்கல்: 'சாரா' என்ற சொல். தூண்களுக்கிடையே அடைக்கும் செங்கல் சுவர் பாரம் தாங்காது என்று ஏட்டில் எழுதுகிறோம். தரை ஆடும்போது அந்தச் சுவர் ஏட்டைப் படிப்பதில்லை. சட்டகத்தை முட்டுக்கொடுத்து இறுக்குகிறது. மேல்மாடிகளில் சுவரும் கீழே வெறும் பார்க்கிங் தூண்களும் இருந்தால், மேலே விறைத்துக் கீழே துவளும். புஜ் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏற்காட்டில் சரிவில் கட்டும் விடுதிகளுக்கு இந்த ஆபத்தோடு இன்னொன்றும் சேர்கிறது: மேட்டுப்பக்கத் தூண் குட்டை, பள்ளத்துப்பக்கத் தூண் நெட்டை. குட்டையான தூண்தான் விறைத்து நின்று விசையை வாங்கி முறியும்.

மறுகோடியில் பழைய பங்களாவின் கல்சுவரும் லயன் வீட்டின் செங்கல் சுவரும். அங்கே தூணே கிடையாது; சுவர்தான் எல்லாம். அதன் மேல் ரீப்பரில் கொக்கியாக மட்டும் மாட்டி நிற்கும் சீமை ஓடு குலுக்கலில் நழுவும், காயப்படுத்தும். அதற்குப் பயந்து ஓட்டைக் கழற்றிவிட்டு கான்கிரீட் தளம் போட்டால், பலவீனமான சுவரின் தலையில் பல டன் ஏற்றிய கதை. மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீடு, மூங்கில் பின்னலில் மண் பூசிய சுவரும் புல் கூரையுமாக, விழுந்தாலும் ஆளைக் கொல்லாத எடையில் இருந்தது. அசாம் வீடுகளின் இக்ரா தட்டிச்சுவர் நிலநடுக்கங்களில் பெயர் வாங்கியதும் இதே தத்துவத்தால்தான். நாம் அதை ஏழ்மையின் அடையாளம் என்று இடித்துவிட்டு பிளாக் அடுக்கினோம்.

தீர்ப்பு

கட்டமைப்பு சாரா உறுப்புகள் இந்த மலைக்கு இரண்டாம்பட்சக் கவலை என்ற வாதம் தள்ளுபடி. நடுத்தர அதிர்வையே எதிர்பார்க்க வேண்டிய இடத்தில், நல்ல சட்டகமுள்ள பள்ளியிலும் மருத்துவமனையிலும் அவைதான் முதல் கவலை. கல்சுவர் வீட்டில் மட்டும் வரிசை மாறும்: சுவர்களை லிண்டல் மட்டத்தில் ஒரு கான்கிரீட் பட்டையால் சுற்றிக் கட்டுவது முதலில், மற்றது பிறகு. அடைப்புச் சுவரை 'சாரா' பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அந்தப் பெயர் அங்கே ஒரு சாக்கு. ஐந்து மடங்கு விதி எச்சரிக்கையாக மதிக்கத் தக்கது, கணக்காக நம்பத் தக்கதல்ல.

முன்னே வைத்த இரண்டு சோதனைகளில் தேறுபவை எவை? காம்பவுண்டு சுவரின் உயரத்தைக் குறைத்து, எட்டடிக்கு ஒரு கம்பித் தூண் விடுவது: தேறுகிறது; மழையில் ஊறிய மண் தள்ளும்போதும் அது நிற்கும். கைப்பிடிச் சுவரில் தளத்திலிருந்து கம்பி எடுத்து விடுவது: புதிதாகக் கட்டும்போது தேறுகிறது, பழைய வீட்டில் பாதை, வாசல் மேலிருக்கும் பகுதிக்கு மட்டும். தொட்டியின் அடுக்கைக் கலவையால் பிணைத்து, தொட்டியைப் பட்டையால் கட்டுவது: தேறுகிறது. பீரோவுக்கு ஓர் ஆங்கிளும் இரண்டு ஸ்க்ரூவும், கட்டில் பக்கம் விழாத இடமும்: கேள்வியே இல்லை. புகைபோக்கியை இரும்புச் சட்டத்தால் பிணைப்பது பங்களாக்காரரின் பணப்பையைப் பொறுத்தது; யாரும் குளிர்காயப் பயன்படுத்தாத புகைபோக்கி என்றால் கூரை மட்டத்தோடு இறக்கிவிடலாம்.

அந்தத் தகரக் கூரைக்கு வருகிறேன். கல்லை எடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த அம்மா சிரித்திருப்பார், சிரிப்பது நியாயம். அவருடைய எதிரி ஆண்டுதோறும் ஆடியில் வருகிறான், என்னுடையவன் எப்போதென்றே தெரியாது. தகரத்தைக் குறுக்குச் சட்டத்தோடு ஜே போல்ட் போட்டு இறுக்கி, சட்டத்தைச் சுவரோடு பிணைத்தால் கூரை காற்றுக்கும் நிற்கும், குலுக்கலுக்கும் நிற்கும். செலவு ஒரு பை போல்ட், வெல்டருக்கு ஒரு நாள் கூலி. அதற்குப் பிறகு எட்டுக் கல்லுக்கும் கூரைமேல் வேலையில்லை. கீழே இறக்கி வாசல்படிக்குப் போட்டுக்கொள்ளலாம்.